விண்கலத்தில் இருப்பவருக்கு ஐம்பது நிமிடம்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த இயற்பியல் ஆசிரியை அவள். பிளஸ் டூ புத்தகம் மாறிவிட்டதாம், புதிய புத்தகத்தில் சார்பியல் பாடமே கிடையாதாம். "தலைவலி விட்டுது மேடம். நீங்கதான் அந்தக் காலத்துல அதோட மல்லுக்கட்டினீங்க. ஸ்கூல் மலருக்கு அதப் பத்தி இனிமையா ஒரு அனுபவம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

இனிமையாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் பயனுள்ளதாக எழுதுங்கள் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் இரண்டாவதாக ஒரு வழி தயாராக இருக்கிறது. சரி என்று உட்கார்ந்தேன். பள்ளி மலரில் இதைப் போட மாட்டார்கள் என்பது எழுத ஆரம்பித்த உடனேயே தெரிந்துவிட்டது. போடாவிட்டால் போகட்டும். பல வருஷமாக மனசுக்குள் கிடந்து உறுத்துகிற விஷயம், எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்.

என் பெயர் மெஹருன்னிசா. பம்மலில் பிறந்து பம்மலிலேயே வாழ்க்கைப்பட்டவள். அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. கல்லூரியில் பி.எஸ்ஸி., பிறகு பி.எட்., வேலை கிடைத்தபின் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. தாம்பரத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் முதுகலை ஆசிரியையாக வாழ்நாள் முழுவதும் ஓட்டிவிட்டேன். சார்பியலை எம்.எஸ்ஸி.க்காகத்தான் முதன்முதலில் படித்தேன். படித்தேன் என்றால், கைடு வாங்கி மனப்பாடம் செய்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தது. அதோடு அதை மறந்தும் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தடவை பிளஸ் டூ புத்தகம் மாறியபோது சார்பியல் அதற்குள் வந்து உட்கார்ந்தது. எங்களுக்கெல்லாம் பணியிடைப் பயிற்சி என்று சொல்லிக் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்தார். நான் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ப்ளூபிரிண்ட்டில் இந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சொன்னேன். அவ்வளவு மார்க்குக்கு இவ்வளவு சந்தேகம் தாங்காது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது.

ப்ளூபிரிண்ட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மார்க், எத்தனை மூன்று மார்க், எத்தனை ஐந்து மார்க் கேள்வி வரும் என்று போட்ட கட்டம் அது. எங்கள் தொழிலில் அதற்குத்தான் முதல் மரியாதை, புத்தகத்துக்கு அடுத்த இடம்தான். சார்பியலை விட்டுவிட்டாலும் சாய்ஸில் ஈடுகட்டிவிடலாம் என்று கட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பள்ளிகள் அந்தப் பாடத்தைத் திறக்கவே இல்லை. நான் திறந்தேன். வீம்புதான், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் வரி தவறாமல் டிக்டேட் செய்து, கணக்குகளைப் பத்துத் தடவை போடவைத்து, பையன்கள் அந்த ஐந்து மார்க்கை முழுசாக வாங்கினார்கள். அதனால் எனக்கு வட்டாரத்தில் 'ரிலேடிவிட்டி மேடம்' என்று பெயர் வந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

நான் பாடம் நடத்தியது இப்படி. தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நீ முன்பக்கமாக நடக்கிறாய். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு உன் வேகம் ரயிலின் வேகமும் உன் நடையும் சேர்ந்தது. ஆனால் நடப்பதற்குப் பதில் டார்ச் அடித்தால், அந்த ஒளியின் வேகத்தோடு ரயிலின் வேகம் சேராது. உனக்கும் பிளாட்பாரத்துக்காரனுக்கும் ஒளியின் வேகம் ஒன்றேதான். இந்த ஒரே பிடிவாதத்திலிருந்துதான் மற்றது எல்லாம் வருகிறது.

இப்போது ரயில் பெட்டியின் தரையில் டார்ச்சை வை, கூரையில் கண்ணாடி ஒன்றை மாட்டு. ஒளி நேரே மேலே போய் நேரே கீழே வருகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவுதான் தூரம். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கோ, ஒளி மேலே போவதற்குள் பெட்டி நகர்ந்துவிடுகிறது. ஒளி சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. சாய்ந்த பாதை நீளமானது. வேகமோ கூடவில்லை. நீளமான பாதையை அதே வேகத்தில் கடந்தால் நேரம் கூடத்தான் ஆகும். ஆகவே, ஓடுகிற கடிகாரம் நிற்கிறவனுக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும். இதைச் சொல்லிவிட்டு டஸ்டரை மேசையில் தட்டுவேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். எனக்கு இது புரிந்துவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் மாத வெயிலில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும். அந்த வருஷம் எங்களுக்கு முகாம் தாம்பரத்திலேயே ஒரு பெரிய பள்ளியில் போட்டார்கள். காலை எட்டரைக்குக் கையெழுத்து. ஒரு வகுப்பறைக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர், அவரை எல்லாரும் சீஃப் என்போம். அவருக்குக் கீழே கூட்டலைச் சரிபார்க்க ஒருவர், திருத்துவதற்கு நாங்கள் ஆறு பேர். காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. விடைத்தாளில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, பதிவெண் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். எங்களுக்குச் சிவப்பு மை, சீஃபுக்குப் பச்சை. எந்தப் பிள்ளையின் தாள் என்பது திருத்துகிறவருக்குக் கடைசிவரை தெரியாது. அது நல்ல ஏற்பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எங்கள் சீஃப் தணிகாசலம் சார். மேடவாக்கம் பக்கத்து ஊர்க்காரர், பரம்பரை விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் அடுக்குமாடி வீடாகிவிட்ட பிறகும் விடியலில் எழுந்துவிடும் பழக்கம் மட்டும் விடவில்லை. நாங்கள் போகும்போது அவர் மேசை துடைத்து, பேனாக்களை நீளவாரியாக அடுக்கி, ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, அது கூட்டல் பிழை. ஒவ்வொரு தாளின் மொத்தத்தையும் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டுவார். அரை மார்க் விட்டிருந்தால் அந்தத் தாளைத் திருத்தியவர் முன்னால் வந்து நின்று, விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். மற்றபடி எந்த ஆட்சேபம் சொன்னாலும் அவருடைய பதில் "பாப்போம் மேடம்." அந்தப் பேப்பரைக் குப்புறக் கவிழ்த்து மேலே பேப்பர் வெயிட்டை வைத்துவிடுவார். பேப்பர் வெயிட்டுக்கு அடியில் போனது மறுபடி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஐந்து மார்க்கில் ஒரு கணக்கு வந்திருந்தது. ஒரு பள்ளியில் நடக்கும் வகுப்பு பள்ளிக் கடிகாரத்தின்படி நாற்பது நிமிடம். பள்ளியைப் பொறுத்து ஒளியின் வேகத்தில் பத்தில் ஆறு பங்கு வேகத்தில் செல்லும் விண்கலத்தில் இருப்பவர் அளந்தால் அந்த வகுப்பு எவ்வளவு நேரம் நடக்கும்? கேள்வி அவ்வளவுதான். விடைக்குறிப்பில் இதற்கு விடை இருந்தது, ஆனால் எங்கள் குழுவுக்கு வந்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பிரதி. பக்கத்தின் அடிப்பகுதி இயந்திரத்தில் சிக்காமல் போய்விட்டது. சூத்திரத்தோடு பக்கம் முடிந்துவிட்டது, விடை இல்லை.

முகாம் அலுவலகத்தில் போய் மூலப் பிரதியைப் பார்த்துவரலாம். நாலு வகுப்பறை தள்ளித்தான் அலுவலகம். ஆனால் தணிகாசலம் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம மேடம் இருக்கும்போது அங்க எதுக்கு அலையணும்? போர்டுல போடுங்க மேடம்."

போட்டேன். கால் மணி நேரம் கூட ஆகவில்லை, இரண்டே நிமிடம். பள்ளி நிற்கிறது, விண்கலம் ஓடுகிறது. ஓடுகிற கடிகாரம் மெதுவாக ஓடும், எனவே விண்கலத்தில் நேரம் குறைவு. அந்த வேகத்துக்குச் சூத்திரம் தரும் எண் புள்ளி எட்டு. நாற்பதைப் புள்ளி எட்டால் பெருக்கு, முப்பத்திரண்டு நிமிடம். அடியில் இரண்டு கோடு போட்டேன். எங்கள் வரிசையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஜெயந்தி என்ற புது ஆசிரியை இருந்தாள். அவள் மெதுவாக, "மேடம், இதுல டி-நாட் எது?" என்று கேட்டாள். டி-நாட் என்றால் சூத்திரத்தில் வரும் மூல நேரம். கணக்கில் எந்த நேரத்தை அந்த இடத்தில் போடுவது என்பதுதான் அவள் கேள்வி. "விண்கலத்துக்குள்ள இருக்கறது டி-நாட். இது கூடத் தெரியாமயா திருத்த வந்த?" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. நான் போட்ட கணக்கைப் பக்கத்து அறைக் குழுவும் எழுதிக்கொண்டு போனது.

இதைப் படிக்கும் இயற்பியல்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் புத்தகத்தில் வரும் கணக்குகளில் எல்லாம் விண்கலத்துக்குள் நடப்பதைப் பூமியில் இருப்பவர் அளப்பார். வருஷா வருஷம் ஒரே மாதிரி கணக்கைப் போட்டால் கை பழகிவிடும், விண்கலம் என்ற சொல்லைப் பார்த்ததுமே டி-நாட் என்று எழுதும். இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ குறும்புக்காரர், அதைத் தலைகீழாக்கிவிட்டார். பள்ளிக்குள் நடப்பதை விண்கலக்காரர் அளக்கிறார். நான் கேள்வியை வாசித்தேனே ஒழிய, அது என்ன கேட்கிறது என்று பார்க்கவில்லை.

முதல் நாள் காலைக் கட்டில் ஐந்தாவதோ ஆறாவதோ தாள். நீல மை, நெட்டை நெட்டையான எழுத்து, ஒவ்வொரு வரியும் லேசாக மேல்நோக்கிப் போகும். மற்ற விடைகள் சுமாராகத்தான் இருந்தன. இந்தக் கணக்குக்கு மட்டும் சூத்திரம் எழுதி, நாற்பதைப் புள்ளி எட்டால் வகுத்து ஐம்பது நிமிடம் என்று விடை போட்டு, அதற்குக் கீழே யாரும் கேட்காமலே மூன்று வரி எழுதியிருந்தது. "வகுப்பு தொடங்கிய மணியும் முடிந்த மணியும் பள்ளியில் ஒரே இடத்தில் அடித்தன. எனவே நாற்பது நிமிடம் என்பதே மூல நேரம். விண்கலத்தில் இருப்பவருக்குப் பள்ளிதான் நகர்கிறது."

நான் அதைச் சத்தமாக வாசித்தேன். "பள்ளிக்கூடம் நகருதாம். எந்த வாத்தியார் சொல்லிக் குடுத்தாரோ, அவரையும் சேத்து நகத்தணும்" என்றேன். அறையே சிரித்தது. தணிகாசலம் சார் கூடச் சிரித்தார். அந்த மூன்று வரி மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு அடித்தேன். சூத்திரத்துக்கு ஒன்று, மற்றதற்குச் சுழி. ஐந்துக்கு ஒன்று. ஐம்பது என்று எழுதியிருந்த வேறு சில தாள்களுக்கும் அதே ஒன்றுதான் போட்டேன். அப்படி எழுதியவர்கள் குறைவுதான். பெரும்பாலானவர்கள் என்னைப் போன்றவர்களிடம் படித்தவர்கள், முப்பத்திரண்டு என்று எழுதி ஐந்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பல்லாவரத்தில் இறங்கிப் பம்மலுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கவேண்டும். பெட்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அந்த மூன்று வரி மனசை விட்டுப் போகவில்லை. 'ஒரே இடத்தில் அடித்தன' என்பது எங்கேயோ கேட்ட வாசகமாக இருந்தது. சானடோரியம் தாண்டும்போது நினைவு வந்துவிட்டது. 'ஒரே இடத்தில் நிகழும் இரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரமே மூல நேரம்.' புத்தகத்து வாசகம். வருஷா வருஷம் நானே டிக்டேட் செய்யும் வாசகம். அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி எழுதவைப்பேன். ஒருநாளாவது அதை எடுத்துக் கணக்கில் பயன்படுத்தினேனா? வாயால் சொன்னது காதுக்குள் போகவில்லை.

டார்ச்சை ரயிலிலிருந்து எடுத்துக் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் வைத்துப் பார்த்தேன், மனசுக்குள்தான். கண்ணாடியை அங்கே கூரையில் மாட்டினேன். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு ஒளி நேரே போய் நேரே வருகிறது. ரயிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு? பிளாட்பாரம் பின்னால் ஓடுகிறது. ஒளி சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. எனக்குத்தான் பாதை நீளம், எனக்குத்தான் நேரம் அதிகம். ரயிலில் இருப்பவள் நிற்கிறாள், பிளாட்பாரம் ஓடுகிறது என்று சொல்ல எனக்கும் அதே உரிமை உண்டு. பூமிக்கு என்று தனிச் சலுகை கிடையாது. சார்பியலின் உயிர்நாடியே அதுதான். இவர் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று அவரும், அவர் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று இவரும் சொல்லலாம், இருவரும் சரி. என் முப்பத்திரண்டு கூடப் பொய் இல்லை. வகுப்பு நடந்த நேரத்தில் விண்கலத்துக் கடிகாரம் எவ்வளவு ஓடியது என்று பள்ளியில் இருப்பவர் கணக்கிட்டால் முப்பத்திரண்டுதான். ஆனால் கேட்டது அதுவல்லவே. விண்கலத்தில் இருப்பவர் வகுப்பை அளந்தால் என்ன என்றுதான் கேட்டார்கள். ஐம்பதுதான் விடை. ஐம்பது, ஐம்பது என்று சொல்லிக்கொண்டே பல்லாவரத்தில் இறங்க மறந்து பரங்கிமலையில் போய் இறங்கினேன்.

என் கணவர் பம்மலில் சின்னதாகத் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்தார். என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தத் தப்பு வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப பேஜார்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கே தெரிந்துவிட்டால் தப்ப வழியில்லை, தொல்லைதான் என்று அர்த்தம். அதில் ஆறுதல் இல்லாவிட்டாலும் நியாயம் இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கே போய்விட்டேன். தணிகாசலம் சார் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். விடை தப்பு, நான்தான் தப்பாகப் போட்டேன், நேற்று ஐம்பது என்று எழுதிய எல்லாருக்கும் நாலு நாலு மார்க் போய்விட்டது என்றேன். டார்ச்சு, கண்ணாடி எல்லாம் வரைந்து காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நேற்றைய பட்டியலை எடுத்து எங்கள் குழுவின் மொத்தங்களை மேலிருந்து கீழாகக் கூட்டினார். "டோட்டல் எல்லாம் டேலி ஆகுது மேடம்" என்றார். டோட்டலில் பிழை இல்லை சார், விடையில்தான் பிழை என்றேன். "பாப்போம் மேடம்" என்று என் படத்தைக் குப்புறக் கவிழ்த்துப் பேப்பர் வெயிட்டை எடுத்தார். நான் அந்தப் பேப்பர் வெயிட்டைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். முப்பது வருஷ வேலையில் ஒரு மேலதிகாரியின் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதைக் கிளப்பினால் இரண்டு குழுவில் திருத்திய எல்லாருக்கும் மெமோ வரும், விளக்கம் எழுதவேண்டும், லீவு முழுக்க அலையவேண்டும் என்றார். அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தர் கூட என் பக்கம் வரவில்லை. மேடம் சொல்றதும் ஒரு கோணம், போர்டில் இருப்பதும் ஒரு கோணம் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். ஜெயந்தி மட்டும் எழுந்தாள். "மேடம், ஆபீஸுக்குப் போலாமா?" என்றாள். நேற்று நான் திட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும், ஆனாலும் வந்தாள்.

முகாம் அலுவலர் வரலாறு படித்துத் தலைமையாசிரியர் ஆனவர். டார்ச்சு, கண்ணாடி எதையும் அவர் கேட்கவில்லை. ஒரிஜினல் கீயை, அதாவது விடைக்குறிப்பின் மூலப் பிரதியை, எடுத்துவரச் சொன்னார். அலமாரிச் சாவி வருவதற்கு அரை மணி, அலமாரியில் தேடுவதற்கு அரை மணி. கடைசியில் பக்கம் வந்தது. முழுப் பக்கம். அடியில் தெளிவாக இருந்தது, ஐம்பது நிமிடங்கள். நாலு வகுப்பறை தூரம் நடந்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

பிறகு தணிகாசலம் சாரைக் கூப்பிட்டனுப்பி, இரண்டு பேருமாகப் பேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். ஐம்பது என்று எழுதியவர்களுக்கு இனி ஐந்தும் உண்டு. முப்பத்திரண்டுக்கு ஏற்கெனவே கொடுத்ததைக் குறைக்கவேண்டாம், பிள்ளைகள் பாவம். முகாமில் இன்னும் இருக்கும் தாள்களை மட்டும் மறுபடி பார்க்கலாம். கணக்கு முடிந்தது என்ற நிம்மதியில் தணிகாசலம் சார் என்னைப் பார்த்து, "முப்பத்திரண்டும் சரி, அம்பதும் சரி. எல்லாமே ரிலேடிவ்தான மேடம்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எல்லாமே ரிலேடிவ் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒளியின் வேகம் எல்லாருக்கும் ஒன்று என்றுதான் ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு சரியான விடை என்றுதான் முடிகிறது. யார் அளக்கிறார் என்பதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அதில் பேரத்துக்கே இடமில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஜெயந்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டேன், ஏனென்றால் எனக்குக் கட்டுகள் வேண்டும்.

திருத்திய கட்டுகளைப் பூட்டிவைக்கும் அறைக்கு முனுசாமி என்பவர் காவல். அவர் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார். "நேத்து மத்தியானக் கட்டு மட்டுந்தான் இங்க கீது மேடம். காலைல திருத்துனது அப்பவே வண்டி ஏறிப் போயிட்ச்சு. சீலு வச்சாச்சு. அத இனிமே யாரும் தொட முடியாது."

மத்தியானக் கட்டுகளை நானும் ஜெயந்தியும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். இரண்டு குழுவின் தாள்களிலும் ஐம்பது என்று எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, ஒன்றை அடித்து ஐந்தாக்கினோம். தணிகாசலம் சார் தானே வந்து உட்கார்ந்து ஒவ்வொரு மொத்தத்தையும் திருத்திப் பச்சையில் கையெழுத்துப் போட்டார். அந்த வேலையில் அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் ஒவ்வொரு தாளைத் திருப்பும்போதும் நெட்டை எழுத்தைத் தேடினேன். காலைக் கட்டு என்று எனக்கே தெரியும், ஆனாலும் தேடினேன். அது இல்லை.

காலைக் கட்டுகளையும் மறுபடி பார்க்கவேண்டும், தவறு என்னுடையது என்று முகாம் அலுவலர் வழியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்தது. பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் எழுதினேன், அதற்கும் இல்லை. மெமோ கூட வரவில்லை, அது வந்திருந்தாலாவது யாரோ படித்தார்கள் என்று இருந்திருக்கும். மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வழிகள் உண்டுதான். ஆனால் சுமாராகப் படிக்கும் ஒரு பிள்ளை, கூடப் படித்தவர்கள் முப்பத்திரண்டு என்று சொல்வதைக் கேட்டு, அந்த ஒரு கணக்கில் தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும். நாலு மார்க் என்றால் பொறியியல் கட்-ஆஃபில் ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குக்குள் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது அந்தக் காலத்துப் பெற்றோர்களுக்குத் தெரியும். என்னை அதிகமாக வதைப்பது அதுகூட இல்லை. தானாகவே சரியாகப் புரிந்துகொண்ட ஒரே பாடத்தை அந்தப் பிள்ளை தப்பு என்று நினைத்து விட்டுவிட்டிருக்குமே என்பதுதான்.

ரேவதிக்கு நான் சொல்லவந்தது இவ்வளவுதான். ஆனால் இதை எழுதுவது ரேவதிக்காக இல்லை. அந்த வருஷம் பிளஸ் டூ இயற்பியலில் வகுப்பு, விண்கலம் என்று வந்த கணக்குக்கு ஐம்பது நிமிடம் என்று எழுதி, கீழே மூன்று வரி விளக்கமும் எழுதிய ஒருவர் எங்கேயாவது இருப்பார். இப்போது அவருக்கே பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைகள் இருக்கலாம். அவர் கண்ணில் இது படவேண்டும். உங்கள் விடை சரி. நீங்கள் எழுதிய மூன்று வரியும் சரி. அதற்கு ஐந்துக்கு ஒன்று போட்டு, பத்துப் பேர் நடுவில் வாசித்துச் சிரித்தவள் நான். இங்கே அதைத் திருத்துகிறேன், ஐந்துக்கு ஐந்து.